நான்காம் வேற்றுமை

ஸ்பானிய மொழியில் தனக்கு மாம்பழம் பிடிக்கும் என்று சொல்லவருகிறவன் ‘நான்’ என்று தொடங்குவதில்லை. ‘எனக்கு’ என்று தொடங்குகிறான். ‘மே குஸ்தா எல் மாங்கோ’: எனக்கு, பிடிக்கிறது, மாம்பழம். ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் கற்பிக்கும் பாடப்புத்தகங்கள் இந்த இடத்துக்கு வந்ததும் சற்று நின்று எச்சரிக்கை தருவது வழக்கம். ‘குஸ்தார்’ என்ற இந்த வினை ஆங்கிலத்து ‘லைக்’ அல்ல, வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுக்கொள், மாம்பழத்தை எழுவாய் ஆக்கு, உன்னை ஒரு வேற்றுமை உருபுக்குள் ஒடுக்கிக்கொள் என்று அவை சொல்லும். அதன்பின் பக்கம் பக்கமாகப் பயிற்சி. தர்மபுரியில் உட்கார்ந்து அப்படியொரு புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் ஸ்பானிஷ் படித்தபோது அந்தப் பயிற்சிகளில் எனக்கு வேலை இருக்கவில்லை. வேறு யாருடைய சிரமத்துக்காகவோ வைத்த கைப்பிடி அது. திருப்பிப் போட வேண்டிய வாக்கியம் எதுவும் என்னிடம் இல்லை. பேசத் தொடங்கிய நாளிலிருந்து ‘எனக்குப் பிடிக்கும்’, ‘எனக்குப் பிடிக்காது’ என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன்.

இந்த ஜில்லாவில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்குகின்றன. ஒகேனக்கல் என்ற பெயரே கன்னடம், புகைகிற கல். சந்தையில் அரைமணி நின்றால் மூன்று மொழியும் காதில் விழும். தெலுங்குக்காரர் ‘நாகு நச்சிந்தி’ என்கிறார். கன்னடக்காரர் ‘நனகெ இஷ்ட’ என்கிறார், சில சமயம் ‘நனகெ ஹிடிசித்து’ என்றும். இந்த ஹிடி நம்முடைய பிடிதான்; பால் ஹாலு ஆனதுபோலப் பகரம் ஹகரமாகிவிட்டது. மூன்றிலும் விரும்புகிறவன் நான்காம் வேற்றுமையில்தான் நிற்கிறான். இந்திக்காரன் ‘முஜே’ என்கிறான். இத்தாலியன் ‘மி பியாசே’ என்கிறான். ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் இது தெரிந்திருந்தது. சாஸர் காலத்து ஆங்கிலத்தில் ‘மீ லைக்கெத்’ என்று சொல்ல முடிந்தது. பிறகு அந்த ‘மீ’ மெல்ல ‘ஐ’ ஆகி வாக்கியத்தின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆக, விதிவிலக்கு ஸ்பானிஷ் அல்ல.

‘எனக்கு’ என்பதில் நிற்கும் ஆள் எப்படிப்பட்டவன்? நன்னூல் நான்காம் வேற்றுமைக்குச் சொல்லும் பொருள்களில் முதலில் வருவது கொடை. அதற்கு உதாரணம் தேடி இந்த ஊர்க்காரன் வெளியே போக வேண்டியதில்லை. தகடூர் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தான். புறநானூற்றின் 91ஆம் பாட்டு அந்தக் கொடையைப் பற்றியது. கொடைக்கு அடுத்து நன்னூல் வைப்பது பகை. அதற்கடுத்து நேர்ச்சி, அதாவது நட்பு. கொடையும் பகையும் நட்பும் ஒரே ‘கு’வில் அடங்குகின்றன. தன்னிடம் வந்து சேர்வதைப் பெற்றுக்கொள்கிறவன் நிற்குமிடம் அது. விருப்பம் என்னிடமிருந்து புறப்பட்டுப் போவதில்லை, எனக்கு வந்து சேர்கிறது என்பதை இந்த மொழிகள் தத்துவம் எதுவும் பேசாமல் உருபிலேயே வைத்திருக்கின்றன. வலியும் தோற்றமும் வருகிற அதே வழிதான். ஸ்பானியனுக்கும் தலை வலிப்பது ‘மே துவெலே’, எனக்கு வலிக்கிறது. ஒன்று தோன்றுவது ‘மே பரேசே’, எனக்குத் தோன்றுகிறது.

இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட்டுப் போவதற்கும் இல்லை. ஸ்பானிய வாக்கியத்தில் எழுவாய் உண்டு. பிடித்த பொருளே எழுவாய். ஒரு மாம்பழமானால் ‘குஸ்தா’, பல மாம்பழங்களானால் ‘குஸ்தான்’, எதிரே நிற்கும் உன்னையே பிடித்திருந்தால் ‘குஸ்தாஸ்’. வினை அந்தப் பக்கத்துக்குக் கட்டுப்பட்டது. தமிழில் அப்படியில்லை. மாம்பழம் பிடிக்கும், மாம்பழங்கள் பிடிக்கும், உன்னைப் பிடிக்கும், அவர்களைப் பிடிக்கும். எதற்கும் வினை அசைவதில்லை. ஆளாக இருந்தால் இரண்டாம் வேற்றுமை வேறு ஏறிக்கொள்கிறது. விரும்புகிறவன் நான்காம் வேற்றுமையில், விரும்பப்படுகிறவன் இரண்டாம் வேற்றுமையில். முதல் வேற்றுமையில் யாருமில்லை. அப்படியானால் பிடிப்பது எது? சளி பிடிக்கிறது, பித்துப் பிடிக்கிறது, சனி பிடிக்கிறது என்று சொல்லும்போதாவது பிடிப்பது இன்னதென்று தெரிகிறது. ‘அவளைப் பிடிக்கும்’ என்பதில் அதுவும் இல்லை. ஸ்பானியன் தன் விருப்பத்தின் பொறுப்பை எதிராளியிடம் ஒப்படைக்கிறான். நாம் யாரிடமும் ஒப்படைப்பதில்லை; இப்படி ஆயிற்று என்று மட்டும் சொல்கிறோம்.

பிடிக்காமைக்கு இரண்டு மொழியிலும் சொற்கள் அதிகம். ‘நோ மே குஸ்தா’, எனக்குப் பிடிக்காது. அதன் பின்னால் ‘நாதா’ சேர்த்தால் கொஞ்சமும் பிடிக்காது. ‘மே தா இகுவால்’ என்றால் எனக்கு எல்லாம் ஒன்றுதான். ‘மே தா அஸ்கோ’ என்றால் அருவருப்பு. ஆட்களைப் பற்றிச் சொல்லும்போது ‘மே கயே மால்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், அவன் எனக்கு மோசமாக விழுகிறான். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத சாப்பாட்டுக்கும் இதே பிரயோகம்தான். இங்கே வெளியூர் விருந்தாளிக்குக் கேழ்வரகுக் களி போடும் முன் ‘களி ஒத்துக்குமா?’ என்று கேட்பார்கள். ‘எனக்குக் கத்திரிக்கா ஆகாது’ என்கிறவரே ‘அவனைக் கண்டா எனக்கு ஆகாது’ என்றும் சொல்வார். குடலும் மனமும் ஒரே வினையில் பேசிக்கொள்கின்றன. ‘குஸ்தார்’ என்பதன் லத்தீன் மூலத்துக்கும் ருசிபார்த்தல் என்றுதான் பொருள்.

இன்னொரு விஷயம். ஒருவர் பிடிக்கும் என்று சொல்ல, அதை ஆமோதிப்பவர் ‘அ மீ தாம்பியென்’ என்பார். ஒருவர் பிடிக்காது என்று சொல்லும்போது, ஆமோதிப்பவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்த முடியாது. ‘அ மீ தாம்போகோ’ என்றாக வேண்டும். தமிழில் இரண்டுக்கும் ‘எனக்கும்’ போதும். பிடிக்காமையில் சேர்ந்துகொள்வதற்கென்று தனிச் சொல் வைத்திருக்கும் மொழியைச் சிறுபத்திரிகைக்காரர்கள் மெச்ச வேண்டும். நம் கூட்டங்கள் பலவும் அந்தச் சொல்லின் மேல் கட்டப்பட்டவை.

ஆனால் இந்த ‘எனக்கு’வுக்கு ஓர் எல்லை உண்டு. ஸ்பானிஷில் வெறுக்கிறேன் என்பதற்கு ‘ஓதியோ’. நேசிக்கிறேன் என்பதற்கு ‘கியெரோ’, ‘ஆமோ’. இவற்றில் எல்லாம் வினையின் முடிவிலேயே ‘நான்’ இருக்கிறது. தமிழிலும் வெறுக்கிறேன், நேசிக்கிறேன் என்றுதான் தன்மை விகுதியோடு சொல்கிறோம். எனக்கு வெறுப்பாக இருக்கிறது என்றும் சொல்லலாம். அது இன்னும் வந்துகொண்டிருக்கிற நிலை. வெறுக்கிறேன் என்பது அடுத்த படி. பிடித்தலும் பிடிக்காமையும் வந்து சேர்கின்றன. நேசத்தையும் வெறுப்பையும் நாம் செய்கிறோம். ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே இடத்தில் கோடு கிழித்திருப்பதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இந்த ஜில்லாவில் அந்தக் கோடு இலக்கண விஷயம் மட்டும் அல்ல. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையைத் தனியே அழைத்துக் கேட்கிறார்கள்: ‘பொண்ணு புடிச்சிருக்கா?’ கேள்வியில் ‘உனக்கு’ மறைந்து நிற்கிறது. பெண்ணிடம் அந்தக் கேள்வி போகலாம், போகாமலும் இருக்கலாம். யாரும் கேட்காமலே இருவருக்கும் பிடித்துப்போய், சாதியையும் பார்க்காமல் அவர்கள் மணந்துகொண்டால், நான்காம் வேற்றுமைக்கு மூன்றாவதாக ஒருவர் வந்து சேர்கிறார்: ஊர். ‘ஊருக்குப் புடிக்கல.’

2012ஆம் வருஷம் நவம்பர் 7ஆம் தேதி தர்மபுரிக்கு அருகே நாயக்கன்கொட்டாய் வட்டாரத்தில், நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய தலித் காலனிகளுக்குள் கும்பலாகப் புகுந்து இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். சாதி மாறி மணந்துகொண்ட ஒரு பையனும் பெண்ணும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டார்கள். பெண்ணின் தகப்பனார் அன்று தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் ஜூலையில் அந்தப் பையனின் உடல் தர்மபுரியில் ரயில் பாதையோரம் கிடந்தது.

பிடிக்காமை மழைபோல வருகிறது, அதற்கு யாரும் பொறுப்பில்லை என்கிற வசதி நம் வாக்கிய அமைப்பில் இருக்கிறது. மனிதனுக்கு அந்த வசதி தேவையும்கூட. தனக்குத் தோன்றுவதற்கெல்லாம் ஒருவன் குற்றவாளியாக முடியாது. ஆனால் ‘ஊருக்குப் பிடிக்கல’ என்பதிலிருந்து நெருப்புக்குப் போக இலக்கணத்தில் பாதை இல்லை. கொளுத்துவதற்கு நான்காம் வேற்றுமை கிடையாது. ‘எனக்குக் கொளுத்தியது’ என்று எந்த மொழியிலும் சொல்ல முடியாது. நான் கொளுத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. ‘வீடுகள் எரிந்தன’ என்று சொல்லி அந்த ஆளை ஒளித்துவைக்கவும் மொழியில் இடம் இருக்கிறது. அதற்கு இடம் கொடுக்காமல் இருப்பது எழுதுகிறவர்களின் வேலை.

இந்தக் கோடு கவிதையிலும் குறுக்கே வருகிறது. சிறுபத்திரிகைகள் வழியே தமிழுக்கு வந்த லத்தீன் அமெரிக்க எழுத்து, நெரூடாவானாலும் போர்ஹெஸானாலும் மார்க்வெஸானாலும், பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகத்தான் வந்தது. அதில் நமக்கு லாபம்தான். மீட்சியை நடத்திய பிரம்மராஜன் போர்ஹெஸின் கதைகளைத் தமிழாக்கித் தராமல் இருந்திருந்தால் நம்மில் பலருக்கு அந்த வாசலே திறந்திருக்காது. ஆனால் அந்தப் பாதையில் ஒன்று தவறிப்போகிறது. ஸ்பானியனின் ‘எனக்கு’ ஆங்கிலத்தில் ‘ஐ’ ஆகி, தமிழுக்கு வரும்போது ‘நான் விரும்புகிறேன்’ ஆகிவிடுகிறது. இரண்டு கரையிலும் நான்காம் வேற்றுமை. நடுவிலுள்ள பாலம் மட்டும் முதல் வேற்றுமை. புதுக்கவிதையில் ‘நான்’ பெருத்துப்போனதற்கு இதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். இருந்தாலும் ‘நான் மழையை விரும்புகிறேன்’ என்று கடைத்தெருவில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. கவிதையில் சொல்கிறார்கள்.

நெரூடா இருபது வயது நிரம்பும் முன், 1924இல், வெளியிட்ட இருபது காதல் கவிதைகளில் 15ஆவது கவிதை இந்தக் ‘குஸ்தார்’ வினையில்தான் தொடங்குகிறது. எழுவாய் காதலி. அவளுடைய மௌனம் அவனுக்குப் பிடித்திருக்கிறது. பக்கத்தில் இருந்தும் இல்லாதவள்போல் தோன்றுவது பிடித்திருக்கிறது. டபிள்யூ. எஸ். மெர்வினின் 1969ஆம் வருஷத்து ஆங்கிலத்தில் ‘ஐ’ முன்னால் வந்து நிற்கிறது. அதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆங்கிலத்துக்கு இன்று வேறு வழி இல்லை. தமிழுக்கு இருக்கிறது. மூலத்தை வைத்துக்கொண்டு ‘எனக்கு’ என்றே தமிழில் எழுதிப் பார்த்தபோது, அந்த இளைஞனின் அதிகாரம் குறைந்து, தனக்கு நேர்வதை வியந்து பார்த்துக்கொண்டிருக்கிறவனாக அவன் தெரிந்தான். முடிவில் அவளிடமிருந்து ஒரு சொல் போதும், ஒரு புன்னகை போதும் என்கிறான். அந்த ஒரு சொல்லுக்கான ஏக்கத்தில்தான் கவிதை மௌனத்திலிருந்து உயிரோடு மீள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கவிதை.

ஐந்து வருஷம் கழித்து, 1929இல், நெரூடா சிலி நாட்டு கான்சலாகக் கொழும்பில், வெள்ளவத்தையில், கடலோர வீடொன்றில் குடியிருந்தார். அவர் இறந்தபின் 1974இல் வெளியான நினைவுக்குறிப்புகளில் அந்த வீட்டைப் பற்றி ஒரு பக்கம் வருகிறது. விடியும் முன் கக்கூஸ் வாளியை எடுத்துச் சுத்தம் செய்ய ஒரு பெண் வருவாள். தமிழ்ப் பெண் என்றும் தீண்டாச் சாதிக்காரி என்றும் அவரே எழுதுகிறார். அவள் அழகு அவரை நிலைகொள்ளாமல் செய்தது. அவள் வரும் வழியில் பட்டோ பழமோ வைத்துப் பார்த்தார். அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவளோடு பேச மொழி எதுவும் இல்லை என்கிறார். ஒரு காலையில் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நடந்ததெல்லாம் முடியும் வரை அவள் கண்களைத் திறந்தபடி சிலைபோல் இருந்தாள் என்றும், அவள் தன்னை இகழ்ந்தது சரிதான் என்றும் எழுதி அந்தப் பக்கத்தை முடிக்கிறார். அதற்குப் பலாத்காரம் என்று பெயர். அந்தப் பெயரை அவர் எழுதவில்லை. 2018இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு நெரூடாவின் பெயரை வைக்கும் யோசனை எழுந்தபோது, சிலி நாட்டுப் பெண்கள் இந்தப் பக்கத்தைக் காட்டித்தான் எதிர்த்தார்கள்.

அவருக்கு அவளைப் பிடித்தது; அவர் அவளைப் பிடித்தார். தமிழில் வினை ஒன்றுதான். முதல் வாக்கியத்துக்காக அவர்மேல் யாரும் வழக்குத் தொடுக்க முடியாது. இரண்டாவதில் எழுவாய் வந்துவிடுகிறது. பேச மொழி இல்லை என்ற அவருடைய சமாதானமும் நிற்காது. பட்டையும் பழத்தையும் அவள் தொடாமல் போனதே எந்த மொழிக்காரனுக்கும் புரியும் பதில். அதையும் விட்டுவிடலாம். அவர் மொழியும் அவள் மொழியும் விருப்பத்தைப் பற்றிக் கேட்பதற்கு ஒரே அமைப்பை வைத்திருந்தன. ‘தே குஸ்தா?’ உனக்குப் பிடிக்கிறதா? கேள்விக்கு இரண்டு பக்கமும் வாக்கியம் தயாராக இருந்தது. மலம் எடுக்க வந்த பெண்ணை ஒரு ‘உனக்கு’வாக வைத்துப் பார்க்கத்தான் அவரால் முடியவில்லை. மௌனமான பெண்ணைப் பற்றிப் பாடியவருக்கு அந்தக் காலையில் அந்த ஒரு சொல் தேவைப்படவில்லை. தன் சாதியைக் கடந்து ஒருத்திக்கு ஒருவனைப் பிடிக்கவும் கூடும் என்பதை ஏற்க முடியாத நாயக்கன்கொட்டாய்க் கும்பலும் செய்தது இதுதான்: ஒரு பெண்ணின் ‘எனக்கு’வைக் கணக்கில் எடுக்கவில்லை.

இனி நெரூடாவைப் பிடிக்குமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கவிதை வேறு, ஆள் வேறு என்கிறார் ஒருவர். தூக்கி எறி என்கிறார் இன்னொருவர். இருவருமே விருப்பம் நம் உத்தரவுக்குக் கீழ்ப்படியும் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். 15ஆவது கவிதையை மறுபடி படித்தேன். பிடிக்கிறது. முன்போல் இல்லை; அந்த மௌனத்தில் இப்போது வேறு ஒருத்தியும் இருக்கிறாள். ஆனாலும் பிடிக்கிறது. இதை மறைத்துப் பேசுவது வீண் நாடகம்.

விமர்சனத்தில் நமக்குள்ள பழைய சண்டை ஒன்றும் இதையொட்டியதுதான். க.நா.சு. தமக்குப் பிடித்தவற்றைப் பட்டியல் போட்டார், காரணம் சொல்லவில்லை என்று குறைப்பட்டவர்கள் உண்டு. 1959இல் ‘எழுத்து’ தொடங்கிய செல்லப்பா வரிவரியாக அலசிக் காரணம் காட்ட முற்பட்டார். க.நா.சு. தம் ருசியை மறைக்காமல் வைத்ததில் நேர்மை இருக்கிறது. ருசி வருவதுதான், வரவழைப்பதல்ல. ஆனால் பட்டியல் போடுவது ருசி அல்ல. அது ஒரு செயல். அதில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதற்குப் போட்டவர் பதில் சொல்லியாக வேண்டும். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று ஒரு கவிதையைத் திருப்பி அனுப்பும் ஆசிரியரும் இரண்டு காரியங்களை ஒன்றாக்கிவிடுகிறார். பிடிக்காதது அவருக்கு நேர்ந்தது. திருப்பி அனுப்புவது அவர் செய்வது. இரண்டாவதற்குக் காரணம் கேட்க எழுதியவனுக்கு உரிமை உண்டு.

பிடிப்பதைப் பற்றி நான் ஒன்றும் செய்வதற்கில்லை. மொழிபெயர்ப்பதும் அச்சுக்குக் கொடுப்பதும் என் கையில் இருக்கின்றன. 15ஆவது கவிதை தமிழில் தயாராக இருக்கிறது. வெள்ளவத்தைப் பக்கத்தையும் மூலத்திலிருந்து மொழிபெயர்த்துவருகிறேன். அது கவிதையைவிடக் கடினமாக இருக்கிறது. இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து வெளியிடச் சம்மதிக்கும் இதழுக்குத் தருவேன். கவிதையை மட்டும் கேட்டால் தருவதாக இல்லை.